சமய வகுப்பின் தேர்ச்சி அறிக்கையில் எதை எழுதுவது?

வாசகர் கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை சமய வகுப்பு நடத்தி வருகிறேன். ஏழு வயது முதல் பதினைந்து வயது வரையிலான 34 பிள்ளைகள் வருகிறார்கள். செலவைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகம் ஏற்றுக்கொள்கிறது. இவ்வாண்டு முதல் தேர்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் புள்ளியும் வகுப்பில் எத்தனையாவது நிலை என்பதும் ‘பக்தி’ என்று ஒரு கட்டமும் இருக்க வேண்டும் என்று கோயில் தலைவர் கேட்கிறார். முதல் சோதனையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் 38 புள்ளி பெற்றான். விடிவதற்கு முன்பே வந்து கோயில் வாசலைக் கூட்டுகிற பிள்ளை அவன். அவனுடைய தாயார் வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், “என் பிள்ளைக்குச் சாமி தெரியாது என்கிறீர்களா டீச்சர்?” என்று எழுதிவிட்டார். 95 புள்ளி பெற்ற பெண்ணிடம் ‘மாசில் வீணையும்’ எங்கே பாடப்பட்டது என்று கேட்டால் விழிக்கிறாள். இந்தப் பையனோ, அப்பா வேலை செய்யும் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் ஒரு நிமிடம் நின்றாலே முகம் எரியும், அப்பர் சாமி ஏழு நாள் எப்படி இருந்தார் என்று என்னிடம் கேட்டான். இவனுக்கு என்ன போடுவது? வகுப்புக்கு இரண்டு கிறிஸ்துவப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கும் அறிக்கை கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோயில் தலைவரின் கோரிக்கைதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் முறை, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் பாய்லர் பேச்சில் என் கண் நின்றுவிட்டது. நீங்கள் தேடும் விடையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐந்தாம் திருமுறையில் உள்ள அந்தப் பாடலை அப்பர் நீற்றறைக்குள் இருந்தபடி பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சுண்ணாம்பு வேகும் அறைக்குள் பல்லவ மன்னன் அவரை அடைக்கிறான். அவரோ குற்றமற்ற வீணையின் ஒலியையும், மாலை நிலவையும், வீசுகிற தென்றலையும், இளவேனிலையும், வண்டு மொய்க்கும் பொய்கையையும் அடுக்கி, இறைவனின் திருவடி நிழல் அப்படி இருக்கிறது என்கிறார். ஐந்தும் குளிர்ச்சியான பொருள்கள். பாடியவர் இருந்த இடமோ நெருப்பு. இந்த முரண்தான் அந்தப் பாடலின் உயிர். “எப்படி இருந்தார்?” என்று ஒரு பிள்ளைக்குக் கேட்கத் தோன்ற வேண்டுமானால், நீற்றறையின் வெப்பம் எத்தகையது என்று அவன் மனத்தில் பட்டிருக்க வேண்டும், பாடலில் வெப்பத்தைப் பற்றிய புலம்பல் இல்லை என்பதையும் அவன் கவனித்திருக்க வேண்டும், தனக்குத் தெரிந்த ஒரு சூட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பதினொரு வயதில் இது சிறிய காரியமன்று. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பல ஆண்டுகள் மதிப்பீட்டியல் கற்பித்தவன்; ஒரு மாணவன் பாடத்தின் உட்பொருளைத் தொட்டுவிட்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அதிகம் கண்டதில்லை. அந்தச் சான்று உங்கள் சோதனைத் தாளில் எங்கும் பதிவாகவில்லை. அவனுக்கு 38 வந்ததற்கு அவன் காரணமல்லன். தாள் அவனிடம் அதைக் கேட்கவே இல்லை.

நீங்கள் இணைத்து அனுப்பிய தாளில் 20 கேள்விகள் உள்ளன. திருமுறைகள் எத்தனை, நாயன்மார்கள் எத்தனை பேர், முதல் மூன்று திருமுறைகளைப் பாடியவர் யார், கண்ணப்பர் எந்த ஊரில் முத்தி பெற்றார் என்று எல்லாமே பெயரையோ எண்ணையோ கேட்கின்றன. இவை தெரிய வேண்டியவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பன்னிரு திருமுறை என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த படியைக் காட்டுவது கடினம். இலங்கையில் சமயம் க.பொ.த. சாதாரண தரத் தேர்வின் கட்டாயப் பாடங்களுள் ஒன்று. அங்கே சைவப் பிள்ளைகள் சைவநெறியை மற்றப் பாடங்களைப் போலவே படித்துத் தேர்வெழுதுகிறார்கள். ஆகவே சமய அறிவைச் சோதிப்பதில் பிழை ஒன்றுமில்லை. இருபது கேள்வியும் ஒரே வகையாக இருப்பதுதான் பிழை.

கண்ணப்பர் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். “எந்த ஊர்?” என்ற கேள்விக்குக் காளத்தி என்று எழுதுகிற பிள்ளை அந்தக் கதையைக் கேட்காமலேயே எழுதிவிடலாம். அதற்குப் பதிலாக, “தம்முடைய இரண்டாவது கண்ணைப் பெயர்ப்பதற்கு முன் கண்ணப்பர் இறைவனின் கண்மேல் தம் காலை ஊன்றினார், ஏன்?” என்று கேளுங்கள். முதல் கண்ணை ஏற்கெனவே அப்பிவிட்டார், மற்றதையும் எடுத்துவிட்டால் பார்வை இருக்காது, குருதி வழியும் இடத்தை அடையாளம் காண ஒரு வழி வேண்டும் என்று நான்காம் ஆண்டுப் பிள்ளை தன் சொல்லில் சொல்லிவிடும். அதைச் சொல்கிற பிள்ளைக்கு, கால் வைத்ததில் ஏன் குற்றமில்லை என்பது நாம் விளக்காமலே புரிந்திருக்கும். படிவம் ஒன்று, இரண்டில் உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம்: ஆகம முறைப்படி பூசை செய்த சிவகோசரியார் காலையில் வந்து பார்த்தபோது ஏன் வருந்தினார், அந்த வருத்தம் நியாயமானதா என்று கேட்கலாம். இதற்கு ஒரே விடை கிடையாது. பிள்ளை காரணம் சொல்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். 20 கேள்விகளில் எட்டை மட்டும் பெயர், எண் கேள்விகளாக வைத்துக்கொண்டு மற்றவற்றை இப்படி மாற்றினால் தாள் வேறாகிவிடும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே தாளைக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள்.

எழுத்துத் தாளை எவ்வளவு திருத்தினாலும் அது ஒரு பகுதியைத்தான் காட்டும். சமய வகுப்பில் பிள்ளை பெறுவது மூன்று வகைப்படும் என்று நான் கருதுகிறேன். ஒன்று தெரிந்துகொள்வது, அதைத் தாளில் பார்க்கலாம். இன்னொன்று செய்யத் தெரிந்துகொள்வது: ஓதுதல், விளக்கேற்றுதல், பூத்தொடுத்தல், வழிபாட்டில் எது முதலில் எது பின்னர் என்ற ஒழுங்கு ஆகியவை. அதைச் செய்யச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டில் முஸ்லிம் பிள்ளைகளுக்கான கஃபா வகுப்பின் ஐந்தாம் ஆண்டுச் சோதனையில் எழுத்துத் தாள்களோடு தொழுகையைச் செய்துகாட்டும் பகுதியும் இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது என்ற அந்த எளிய நியாயம் நமக்கும் பொருந்தும். மூன்றாவது, பொருளை உணர்ந்து தன் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லத் தெரிவது. இதைத் தாளிலும் முழுமையாகப் பிடிக்க முடியாது, செய்முறையிலும் பிடிக்க முடியாது. பேச்சில்தான் பிடிக்க முடியும். அதற்கு ஆசிரியரின் காதும் ஒரு குறிப்பேடும் வேண்டும்.

உங்கள் மாணவி தெரிந்துகொள்வதிலும் ஓதுவதிலும் மேலே நிற்கிறாள். மூன்றாவதில் இன்னும் வரவில்லை. பையன் மூன்றாவதில் மேலே நிற்கிறான், முதலாவதில் கீழே. இருவரையும் 95 என்றும் 38 என்றும் ஒற்றை எண்ணுக்குள் அடைத்தால் இரண்டு எண்ணும் பொய் சொல்கின்றன. அந்தப் பெண்ணுக்குத் தான் எதைக் கற்க வேண்டும் என்பது தெரியாமல் போகிறது. இதை நான் கூடுதலாகவே அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் 38 வாங்கிய பிள்ளையைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவோம், 95 வாங்கிய பிள்ளைக்கு நேர்ந்த இழப்பு யார் கண்ணிலும் படாது.

இனி ‘பக்தி’க் கட்டத்துக்கு வருகிறேன். அது வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956இல் அறிவுசார்ந்த கற்றலைப் படிநிலைகளாக வகுத்தார்கள் என்பது ஆசிரியர் பயிற்சி பெற்ற எல்லாருக்கும் தெரியும். 1964இல் உணர்வுசார்ந்த கற்றலுக்கும் அவர்கள் படிநிலைகள் வகுத்தார்கள்: கவனித்தல், பங்கேற்றல், மதித்தல் என்று தொடங்கி, ஒரு மதிப்பு மனிதனின் இயல்பாகவே ஆகிவிடுவது வரை அது ஏறிச் செல்லும். அதில் கீழ்ப்படிகளை ஓரளவு கண்ணால் பார்க்கலாம். மேலே போகப் போக, வெளியில் தெரிகிற செயலுக்கும் உள்ளே இருக்கிற மனத்துக்கும் உள்ள தொடர்பு ஆசிரியருக்கு எட்டாத ஒன்றாகிவிடும். கண்ணை மூடி நிற்கிற பிள்ளை வேண்டிக்கொண்டும் நிற்கலாம், பசியோடும் நிற்கலாம். அதற்கு ‘ஏ’ போட்டால், அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் கண்ணை மூடி நிற்பார்கள்; அதைப் பக்தி வளர்ந்ததன் அறிகுறியாக நாம் எண்ணிக்கொள்வோம். பாசாங்கு செய்தால் புள்ளி கிடைக்கும் என்று கோயில் மண்டபத்தில் வைத்தே பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது பெரும் தீங்கு.

பண்பைத் தாளில் அளக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் நன்னெறிக் கல்விச் சோதனைக்காக 36 நெறிகளையும் அவற்றின் விளக்கங்களையும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இன்று பெற்றோராகிவிட்டது. இன்றைய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 18 நெறிகள்தான். அந்தக் காலத்துப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். நெறிகளைவிட அவற்றை ஒப்பித்த இரவுகளைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு தோட்டப் பள்ளியில், வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குத் தொடர்ந்து வராத ஒரு சிறுமிக்குச் ‘சமய ஈடுபாடு’ என்ற கட்டத்தில் ‘குறைவு’ என்று எழுதினேன். அவளுடைய தாய், ரப்பர்ப் பால்மரம் வெட்டி முடித்த கையோடு, உடுப்பில் பால் வாடை போகாமல் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். காலையில் தாம் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் வழிபாடு முடிந்துவிடுகிறது என்று சொன்னார். கோபப்படவில்லை. “இதை மாத்தி எழுத முடியுமாங்க ஐயா?” என்று மட்டும் கேட்டார். நான் மாற்றி எழுதினேன். ஆனால் அந்தச் சிறுமி அதற்குள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டாள். வருகை குறைவு என்று எழுதியிருந்தால் அது உண்மை. ஈடுபாடு குறைவு என்று நான் எழுதியது, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் காட்டிய பொய். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

ஆகவே, கண்டதை எழுதுங்கள், அனுமானித்ததை எழுதாதீர்கள். “விடியற்காலையில் வந்து கோயில் வாசலைத் தூய்மை செய்கிறான்” என்பது கண்டது. அதை அறிக்கையில் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். “பக்தி மிகுந்தவன்” என்பது அனுமானம். முதலாவதைப் படிக்கிற தாய்க்கு இரண்டாவது தானாகவே விளங்கும்.

இதையெல்லாம் 34 பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வது என்று நீங்கள் மலைக்கக்கூடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டோ பூத்தொடுத்துக்கொண்டோ இருக்கும்போது, அந்த மூவரையும் ஒருவர்பின் ஒருவராக அருகில் அழைத்து, ஐந்து நிமிடம் பேசுங்கள். ஒரு பாடலின் நான்கு வரியை ஓதச் சொல்லுங்கள், அதைப் பாடியவர் எந்த நிலையில் பாடினார் என்று கேளுங்கள், பிறகு, “உனக்கு இது எதை ஞாபகப்படுத்துகிறது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளை உடனே பதில் சொல்லாது. ஆசிரியர்களாகிய நமக்கு அந்த மௌனம் பொறுக்காது, நாமே விடையை எடுத்துக் கொடுத்துவிடுவோம். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளை சொன்னதை, சொன்ன சொல்லிலேயே, தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் போதும். பன்னிரண்டு சனிக்கிழமையில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆண்டுக்கு மூன்று சுற்று முடியும் என்பது ஆசை, இரண்டு முடிந்தால் நிறைவு.

ஓதுவதைப் பார்க்கும்போது போட்டி நடுவரைப் போல் பார்க்காதீர்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டி நம் பிள்ளைகளுக்குப் பெரிய ஊக்கம். அங்கே ஒருவர் முதலாவதாக வரத்தான் வேண்டும், அது போட்டி. வகுப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தப் பிள்ளை சென்ற முறை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. வரி தவறாமல் வருகிறதா, லகர ளகர ழகரம் பிரிகிறதா, பதம் பிரித்து நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறதா, பண் ஓரளவு பிடிபட்டிருக்கிறதா என்று நான்கைப் பார்த்தால் போதும். பதம் பிரிப்பதைக் கூர்ந்து கவனியுங்கள். பொருள் தெரியாமல் ஓதுகிற பிள்ளை மூச்சு முடிகிற இடத்தில் நிறுத்தும். பொருள் தெரிந்த பிள்ளை சொல் முடிகிற இடத்தில் நிறுத்தும்.

அறிக்கையைப் பொறுத்தவரை, எண்ணைவிட வாக்கியத்தையே நான் பரிந்துரைக்கிறேன். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மதிப்பீட்டுத் துறையில் பலமுறை எடுத்துக்காட்டப்படுவது. மாணவர்களில் ஒரு சாராருக்குப் புள்ளி மட்டும், ஒரு சாராருக்குக் குறிப்பு மட்டும், ஒரு சாராருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. புள்ளி கண்ணில் பட்டதும் குறிப்பைப் படிக்கும் மனம் போய்விடுகிறது. ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் அகற்றப்பட்டும், “எத்தனை ஏ?” என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். பள்ளியின் வகுப்புசார் மதிப்பீட்டில் உள்ள ஆறு அடைவு நிலைகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாமா என்று சில சமய ஆசிரியர்கள் என்னிடம் கேட்டதுண்டு. அந்த அமைப்பில் தெரியும், புரியும், செய்ய முடியும் என்று முதல் மூன்று நிலைகள் ஏறுகின்றன. அந்த ஏற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்வது உங்களுக்கு உதவும். எண்ணை மட்டும் அறிக்கையில் போடாதீர்கள். போட்டால் பெற்றோர் மூன்றாம் நிலையை ஆறில் மூன்று என்று படித்து, பிள்ளை பாதிதான் தேறியது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தப் பையனுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “அப்பர் வரலாற்றை நன்கு உணர்ந்திருக்கிறான். நீற்றறையின் வெப்பத்தை ஆலையின் பாய்லரோடு ஒப்பிட்டு, அங்கே எப்படி அமைதியாகப் பாட முடிந்தது என்று தானாகவே கேட்டான். ‘மாசில் வீணையும்’ பாடலின் முதல் இரண்டு வரியைத் தடையின்றி ஓதுகிறான். அடுத்த இரண்டு வரியில் பழக்கம் வேண்டும். நாயன்மார்களின் பெயர்களையும் திருமுறைகளின் எண்ணிக்கையையும் இன்னும் நினைவில் நிறுத்தவில்லை. வாரம் மூன்று பெயராக வீட்டில் சொல்லிப் பார்க்கலாம். கோயில் வாசலைத் தூய்மை செய்வதில் தவறாமல் பங்கெடுக்கிறான்.” மாணவிக்கு: “திருமுறைச் செய்திகளைத் தெளிவாக அறிந்திருக்கிறாள். எட்டுப் பாடல்களைப் பிழையின்றி ஓதுகிறாள். ஒவ்வொரு பாடலும் எந்தச் சூழலில் பாடப்பட்டது என்று கேட்டறிந்து, தன் சொல்லில் சொல்லப் பழக வேண்டும்.” எட்டு என்பது நான் போட்ட எண்; சரியான எண் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். இவ்விரண்டு அறிக்கையிலும் குறை சொல்லப்பட்டிருக்கிறது, மறைக்கப்படவில்லை. ஆனால் குறைக்குப் பக்கத்திலேயே அடுத்து செய்ய வேண்டியது இருக்கிறது.

அறிக்கையை அச்சடித்துப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். பெற்றோரில் சிலர் மலாய்மொழித் தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களாக இருப்பார்கள். சில வீடுகளில் வருகிறவர் பாட்டியாக இருப்பார். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, நீங்களே படித்துக்காட்டிக் கையில் கொடுங்கள். பிள்ளையும் கூட இருக்கட்டும். புலனக் குழுவில் எவருடைய புள்ளியையும் இனி ஒருபோதும் இடாதீர்கள். வகுப்பு நேரம், விடுமுறை, பூசைப் பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தக் குழு இருக்கட்டும்.

கோயில் தலைவரிடம் எப்படிப் பேசுவது? அவருடைய கோரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. பக்தர்கள் உண்டியலில் போட்ட பணத்தில் வகுப்பு நடக்கிறது; அதற்கு அவர் ஆண்டுக் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டியவர். அவருக்கு வேண்டியது வகுப்பின் பயன். பிள்ளைகளின் வரிசை அதற்குத் தேவைப்படாது. பெயர் இல்லாத ஒரு சுருக்கத்தை அவருக்குக் கொடுங்கள்: 34 பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பதிகத்தை முழுமையாக ஓதுகிறார்கள், ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர் ஓதினார்கள், எத்தனை பேர் தாமே விளக்கேற்றி வழிபாட்டை நடத்துகிறார்கள், சராசரி வருகை எவ்வளவு என்று ஒரே பக்கத்தில். திருவிழா மேடையில் பரிசு கொடுக்க அவர் விரும்பினால், ஓதும் போட்டி ஒன்றைத் தனியாக வைத்து அதற்குக் கொடுக்கட்டும். வகுப்பின் மொத்தத்துக்கும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று அறிவித்தால், முப்பத்து நான்காவதாக வந்த பிள்ளை அம்மன் சந்நிதியில் கடைசியாக நின்ற பிள்ளையாகிவிடும். இந்த வாக்கியத்தை அவரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதுமானதாக இருக்கும்.

கிறிஸ்துவப் பிள்ளைகள் இருவரைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் சரி செய்யுங்கள் என்று சொல்வேன். கூட்டரசு அரசமைப்பின் 12ஆவது பிரிவு, தம்முடையதல்லாத ஒரு சமயத்தின் போதனையைப் பெறும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்றும் அது சொல்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் இஸ்லாம் அல்லாத சமயங்களைக் கற்பிக்க அவற்றின் மேலாளர் வாரியத்துக்கு இடமளிக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியை அதற்குச் செலவிடக் கூடாது என்றும், தம் சமயம் அல்லாத வகுப்பில் ஒரு மாணவர் உட்காரப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்றும் வரையறுக்கிறது. வகுப்பு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடப்பதால் பள்ளி வாரியத்தின் அனுமதிக் கடிதமும், அந்த இரண்டு வீடுகளின் சம்மதக் கடிதமும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. சனிக்கிழமை காலையில் பிள்ளையைத் தனியே வீட்டில் விட முடியாமல் அனுப்புகிறார்களா, விரும்பி அனுப்புகிறார்களா என்பதையும் பக்குவமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்மதம் இருந்தால் அவர்களுக்கும் அறிக்கை கொடுக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுங்கள். “அப்பர் வரலாற்றைக் கேட்டுத் தெளிவாகச் சொல்கிறாள்” என்று எழுதலாம். வழிபாட்டுச் செய்முறைக்கான பகுதியை அவர்களுக்கு வெறுமையாக விடாமல், அந்தப் பகுதியே இல்லாத தாளாக அச்சடியுங்கள். வெறுமையாக இருக்கும் கட்டம் குறையாகத் தெரியும். இங்கிலாந்தில் 2004இல் வெளிவந்த சமயக் கல்விக்கான தேசியச் சட்டகம், சமயத்தைப் பற்றிக் கற்பது என்றும் சமயத்திலிருந்து கற்பது என்றும் இரண்டு இலக்குகளைப் பிரித்தது. பல சமயப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் வகுப்புக்காக எழுந்த பிரிவினை அது. உங்களுடையது சொந்தச் சமயத்தைக் கற்பிக்கும் வகுப்பு. ஆனாலும் இந்த இருவரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை உங்களுக்குக் கைகொடுக்கும்.

கடைசியாக, அந்தத் தாயார். அவர் குழுவில் எழுதியதற்குக் குழுவிலேயே பதில் எழுதாதீர்கள். நேரில் போங்கள், அல்லது அவர் ஓய்வாக இருக்கும் நேரம் கேட்டு அழைத்துப் பேசுங்கள். “உங்கள் பிள்ளைக்குச் சாமி தெரியும் அம்மா, என் தாள்தான் அதைக் கேட்கவில்லை” என்று சொல்லிவிட்டு, பாய்லரைப் பற்றி அவன் கேட்டதை அவருக்கு அப்படியே சொல்லுங்கள். அவனுடைய அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. ஆலைச் சூட்டில் நின்று வேலை செய்கிறவருக்குத் தம் மகன் தம்மை அப்பரோடு சேர்த்து நினைத்தான் என்பது தெரிய வேண்டும். 38 என்று எழுதிய தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை உங்கள் முதல் மூன்று பிள்ளைகளில் அவன் ஒருவனாக இருக்கட்டும். அவன் கேட்ட கேள்வியையே அவனிடம் திருப்பிக் கேட்டு, என்ன சொல்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.